குசினி லெவலைச் செய்தது நான்தான், ஜெசி

என் ஜெசிக்கு, காக்காவைப் பெற்றவளுக்கு,

நீ இருக்கும் இடத்தில் சத்தம் குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே ஒரே சத்தம். நம்முடைய கேம் வெளியாகிவிட்டது. விளையாட்டாக வைத்த 'நொண்டிக் காக்கா' என்ற பெயரே நிலைத்தும்விட்டது. தமிழ் தெரியாத ஊர்க்காரர்கள் நொண்டி என்பதுதான் அந்தக் காக்காவின் சொந்தப் பெயர் என்று நம்பி, "நொண்டி என் செல்லம்" என்று எழுதுகிறார்கள். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். நானும் ஊர் கேட்கவே பேசிவிடுகிறேன்.

நீ போன பிறகு வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சிறகு ஒடிந்த காக்கா, பறக்க முடியாததால் தாவித் தாவியே ஊரைக் கடக்கிறது. கிள்ளான் கடைவீதியில் கட்டியிருக்கும் கூடாரத் துணிகள் மேல், கோமுட்டர் ரயிலின் கூரை மேல், கடைசியில் துறைமுகம். சின்ன வயதில் டிவியில் கேசட் செருகி விளையாடினோமே, அதே மாதிரி சதுரம் சதுரமான படம், நாலைந்து நிறம், கீச்சுக் கீச்சென்று இசை. தவறி விழுந்தால் முதலிலிருந்து. இந்தக் காலத்தில் யார் இப்படி ஒன்றை விளையாடப் போகிறார்கள் என்று நீதான் கேட்டாய். விளையாடுகிறார்கள், ஜெசி. விளையாடிவிட்டுக் கருத்தும் சொல்கிறார்கள்.

கிள்ளான் பக்கம் மேருவில் என் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்து அந்தக் கருத்துகளைத்தான் படிக்கிறேன். சோறு ஆறிப்போகும். "அந்தக் காக்கா ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கிறதே, அதற்காகவே வாங்கலாம்" என்கிறார் ஒருவர். "இசைக்காக மறுபடியும் விளையாடுகிறேன்" என்கிறார் இன்னொருவர். "முதல் லெவலில் அந்தி வானத்தின் நிறத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திவைத்துவிட்டேன்." காக்கா நீ வரைந்தது. இசை நீ போட்டது. அந்தி வானம் உன்னுடையது.

என் பங்குக்கும் வருகிறது. "தாவினால் கொஞ்சம் வழுக்குகிறது." "பாலத்துப் பக்கம் ஒரு பிழை, காக்கா சுவருக்குள் மாட்டிக்கொள்கிறது."

பட்டனை அழுத்தினால் காக்கா தாவுகிறது. அந்தரத்தில் அது எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், நனைந்த தகரத்தில் எவ்வளவு வழுக்கவேண்டும் என்று எத்தனை மாதம் மாற்றி மாற்றி எழுதினேன்? நீ சோதித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து தூங்கியே போவாய். தாவல் சரியாக இருந்தால் அதை யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சறுக்கினால் மட்டும் என்னைத் தேடுகிறார்கள்.

எனக்குப் பொறாமை, ஜெசி. வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது உவமை என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே சாப்பாடு இறங்குவதில்லை.

காலேஜில் யாரும் சேர்த்துக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே குழுவானோம், ஞாபகம் இருக்கிறதா? நீ செந்தூல், ரயில்வே குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு. நான் மேருவிலிருந்து வருகிறவள். உன் அப்பா போன பிறகு நீயும் ஆன்டியும் மட்டும் இருந்த அந்த வாடகை வீட்டுக்கு, வேலை கிடைத்த பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்துகொண்டுதான் இருந்தேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்த குசினி மேசையில் நீ ஒரு பக்கம் வரைவாய். மறுபக்கம் நான் புரோகிராம் எழுதுவேன், லெவல் அமைப்பேன். சாப்பாடு ஆன்டியுடையது.

பிறகு கொசு கடித்து உனக்கு டிங்கிக் காய்ச்சல். ஒரே வாரம். கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு துறைமுக லெவலின் இசையைப் பற்றி என்னோடு சண்டை போட்டாய். குடிக்க ஐஸ் மைலோ வேண்டும் என்றாய், நர்ஸ் கூடாது என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "நாளைக்கு லேப்டாப் கொண்டு வா" என்றாய். கொண்டுவந்தேன்.

ரயில் கூரைக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு லெவலை நாம் காலியாக விட்டிருந்தோம். என்ன வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. நீ போன பிறகு பல மாதம் அந்த ஃபைலையே நான் திறக்கவில்லை. மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் என் வீட்டு ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் குசினி நினைவுக்கு வந்தது. கூரைத் தகரம் ஒழுக ஒழுக, ஆன்டி ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சட்டியோ வாளியோ கொண்டுவந்து வைப்பாரே, அது.

அதையே லெவலாகச் செய்தேன். தரை முழுக்கத் தண்ணீர், காக்கா பாத்திரங்களின் மூடி மேல் மட்டும்தான் நிற்கமுடியும். சொட்டு விழும்போது மூடி ஒரு கணம் எழும்பும். அப்போதுதான் தாவவேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சத்தம், ஒரு தாளம். காது கொடுத்துக் கேட்காதவர்கள் தாண்டமுடியாது. என் வீட்டுக் குளியலறையில் சட்டிகளை வரிசையாக வைத்துத் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பதிவு செய்தேன். இசை போட எனக்குத் தெரியாது, அதனால் போடவில்லை. படமும் நானே வரைந்தேன். சோற்றுப் பானை மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரி வந்தது.

இந்த லெவலை நீ பார்த்ததே இல்லை, ஜெசி. அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

கேம் முடிந்ததும் வரும் கடைசித் திரையில் 'ஜெசிந்தாவுக்கு' என்று பெரிதாகப் போட்டேன். என் பெயரும் உன் பெயரும் அதற்குக் கீழே சின்னதாக. அதைப் பார்த்து யாரோ விசாரித்திருக்கிறார்கள், நீ இறந்துவிட்டாய் என்று தெரிந்திருக்கிறது. குசினி லெவல்தான் நீ கடைசியாகச் செய்தது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

"இசை அமைத்தவர் இசையே இல்லாமல் விடைபெற்றுக்கொள்கிறார்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு எவ்வளவு பாராட்டு. "தன் முடிவு அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஒவ்வொரு சொட்டும் ஒரு நாள்" என்று இன்னொருவர் ஒரு மணி நேர வீடியோவே போட்டார். உனக்கு என்ன தெரிந்திருந்தது? உனக்கு ஐஸ் மைலோ வேண்டியிருந்தது.

நான் என்ன செய்யமுடியும், சொல்? செத்துப்போனவளுக்காக அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் போய், 'அது என்னுடையது' என்று எழுதினால் என்னை என்ன நினைப்பார்கள்? எழுதிப் பார்த்தேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.

ஒரே ஒரு ஆள் திட்டியிருந்தார். "எல்லா லெவலும் அழகு. குசினி லெவலின் படங்கள் மட்டும் கைப்பழக்கம் இல்லாத வேறு யாரோ வரைந்த மாதிரி இருக்கின்றன. அது பானையா, ஹெல்மெட்டா?" அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். ஊர் பெயர் தெரியாத அந்த ஆள் ஒருவருக்குத்தான் அங்கே இன்னொரு கை இருந்தது தெரிந்திருக்கிறது. 'இந்தக் கருத்து பயனுள்ளது' என்ற பட்டனை அழுத்தினேன்.

அதற்குப் பிறகுதான் பிரகாஷ் போன் செய்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல் மாடியில், பழைய கேம் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்து பழைய டிவி, பழைய பெட்டிகளோடு அவ்வப்போது கூடுவார்கள். அதை நடத்துகிறவன்.

"அக்கா, இந்த தடவ நம்ப நொண்டிதான் ஷோ. நீங்க வரணும். ஜெசிந்தா அக்கா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஜெசிந்தா அக்காவ பத்தி ரெண்டு வார்த்த பேசணும் லா."

உன்னைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுகிறான்.

ஆன்டி தேவாலயத்துக்குக் கட்டுகிற நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். அதுவரை அவர் கேமைப் பார்த்ததில்லை. முன்வரிசையில் உட்காரவைத்தோம். பெரிய திரையில் ஒருவர் மாற்றி ஒருவர் விளையாடினார்கள். காக்கா திரும்பிப் பார்த்ததும் ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவளே மாதிரிதான் கழுத்த திருப்புது." எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும்தான்.

குசினி லெவல் வந்தது. இசை நின்று சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆன்டி எழுந்துவிட்டார்.

"இது எங்க குசினி," என்றார். பிறகு திரும்பி, தெரியாத அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னார். "எங்க வீட்டு கூர ஒழுகும். மழ வந்தா நான்தான் சட்டிய தூக்கிட்டு ஓடுவேன். அவ காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா, எனக்கென்னன்னு. எதையும் கவனிக்க மாட்டான்னு நெனச்சேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கா பாருங்க."

பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மைக்கை என்னிடம் நீட்டினான். "அக்கா, இந்த லெவல ஜெசிந்தா அக்கா எப்படி செஞ்சாங்கன்னு சொல்லுங்க."

உண்மையைக் காப்பாற்றுவதற்காகப் பேசினேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். முன்னால் தாடி வைத்த ஒருவர் அழுதுகொண்டிருந்தார். நான் சட்டி வைத்துத் தண்ணீர் சொட்டவிட்ட என் வேலைக்கு வந்த கண்ணீர் அது. என் கண் எதிரிலேயே அது உனக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இது ஜெசி செஞ்சது இல்ல," என்றேன். "அவ போன பிறகு நான் செஞ்சது. படம், சத்தம், எல்லாமே நான்தான்."

யாரோ இருமினார்கள். "ஓ," என்றான் பிரகாஷ். "அப்படியா அக்கா. சூப்பர் அக்கா." அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கை தட்டினார்கள். அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? பிறகு ஆன்டியைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டிருந்தார். மடியில் கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஸ்டேஷன் வரை நடந்தோம். கிள்ளான் ரயில் ஒரு பக்கம், செந்தூல் ரயில் எதிர்ப்பக்கம். நான் ஆன்டியோடு செந்தூல் ரயிலில் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"ஏன் எல்லாரு முன்னாடியும் சொன்ன? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பொறாமையா இருந்துச்சி ஆன்டி."

"யாரு மேல?"

"ஜெசி மேல."

"செத்தவ மேலயா?"

"ஆமா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஸ்டேஷன் போனது. "அவ உசுரோட இருந்தப்பவுமா?"

"அப்பவும்தான். எங்க வீட்ல மழ வந்தா அவங்கவங்க ரூம் கதவ சாத்திக்குவாங்க ஆன்டி. யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. உங்க வீட்ல நீங்க அவ பேர சொல்லி கத்திக்கிட்டே சட்டிய தூக்கிட்டு வருவீங்க. அவ திரும்பிகூட பாக்க மாட்டா. பாத்துக்கிட்டே இருப்பேன்."

அவர் சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, மெதுவாகச் சொன்னார்.

"அவளுக்கு அந்த குசினி பிடிக்காது. கூரைய மாத்த சொல்லு, இல்லன்னா ஃப்ளாட்டுக்கு போயிரலாம்னு எப்ப பாத்தாலும் சண்ட. இன்னிக்கி அத பெருசா பாத்தப்ப, சரி, வாய்தான் அப்படி, உள்ளுக்குள்ள பிடிச்சிதான் இருந்திருக்குன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் அப்படி நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

செந்தூல் வந்தது. நானும் எழுந்தேன். "நீ வராத. உன் ட்ரெய்ன் போயிரும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஜெசி, உனக்கு அந்தக் குசினி பிடித்திருந்ததா, இல்லையா? எத்தனை சனிக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், ஒரு நாளாவது நான் கேட்டேனா? அந்த ஹெட்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா, இல்லை சும்மா மாட்டிக்கொண்டிருந்தாயா? ஓடாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆன்டிக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் பேசியதை அங்கே வந்திருந்த யாரோ எழுதிவிட, கருத்துகள் மாறத் தொடங்கின. "ஓ, புரோகிராமர் செய்ததா? அதுதான் கொஞ்சம் வறட்சியாக இருந்தது." "நல்ல லெவல்தான். ஆனால் தெரிந்த பிறகு முன்னைப் போல உருக்கவில்லை." ஒரு மணி நேர வீடியோ போட்டவர் அதை எடுத்துவிட்டார்.

அதே சொட்டுதான், ஜெசி. ஒரு சத்தத்தைக்கூட நான் மாற்றவில்லை. உன்னுடையதாக இருந்தவரை ஊரே அழுதது. என்னுடையதானதும் அது வெறும் தண்ணீர் ஆகிவிட்டது. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் கையில் வந்ததும் சுருங்கிவிட்டது. முன்னாலாவது நீ வாங்குகிற பாராட்டைப் பார்த்து எரிந்தேன். இப்போது உன் பெயர் ஒட்டியிருந்தாலே எதுவும் அழவைக்கிறதே, அதைப் பார்த்து எரிகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை மேரு பாசாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆன்டி.

"கோகிலா, அந்த கேம லில்லிகிட்ட சொல்லி என் டேப்லெட்ல போட்டுக்கிட்டேன்." லில்லி அவரோடு தேவாலயத்தில் பாடுகிறவர். "ரயிலு வரைக்கும் வந்துட்டேன். குசினிய தாண்ட முடியல."

"சத்தத்த கேட்டு தாவணும் ஆன்டி."

"கேக்காம என்ன? காதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நீதான் தப்பு தப்பா வச்சிருக்க. பெரிய சட்டி அலமாரி பக்கத்துலயா இருக்கும்? அலமாரி பக்கம் என்னிக்கி ஒழுகியிருக்கு? அது ஜன்னல் பக்கம். வாளிதான் அடுப்புகிட்ட. நான் அங்கதான் ஒழுகும்னு தாவுறேன், காக்கா தண்ணில விழுது. எத்தன வருஷம் வந்து உக்காந்து சாப்ட்டுட்டு போன, இதுகூட தெரியல. கண்ண எங்க வச்சிருந்த? ஒரு வேலைய ஒழுங்கா செய்ய மாட்டியாடி?"

கத்திரிக்காய் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காய்கறிக்கார அக்கா, "என்னம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

உனக்கு இது புரியாது, ஜெசி. நீ அதிலேயே பிறந்து வளர்ந்தவள். அத்தனை வருடத்தில் ஆன்டி என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. எனக்கு நல்ல கப்பில் தேத்தண்ணி, மீனில் நடுத்துண்டு, "சாப்பிடும்மா, கூச்சப்படாத." திட்டு எல்லாம் உனக்குத்தான். சட்டியைத் தூக்காததற்கு, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, பதில் சொல்லாததற்கு. விருந்தாளியை யாராவது திட்டுவார்களா?

"எப்ப வந்து சரி பண்ணுவ?" என்று கேட்டார்.

"இப்பவே வரேன் ஆன்டி."

மழை வரும் போல இருந்தது, வரவில்லை. வெயில்தான் கொளுத்தியது. காய்ந்து கிடந்த குசினியில் ஆன்டி விரலை நீட்டி நீட்டி எந்த ஓட்டை எந்தப் பாத்திரத்துக்கு என்று காட்டினார். நான் ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டேன். ஒரு இடத்தில் மறுபடியும் தப்பாகக் குறித்தேன். அதற்கும் திட்டு விழுந்தது.

பிறகு டேப்லெட்டை எடுத்து, முதல் லெவலைத் திறந்தார். தாவவில்லை. காக்காவைச் சும்மா நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தார். அது கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. கொஞ்சம் நடக்கவிட்டு மறுபடி நிறுத்தினார். மறுபடி அது திரும்பிப் பார்த்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. இவ்வளவு நேரம் எனக்காகச் செலவழித்தவர், உன் காக்கா ஒரு தடவை திரும்பியதும் உன் பக்கம் போய்விட்டார்.

பொறாமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் எழுந்து போகவில்லை. இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை கேமைப் புதுப்பிக்கும்போது பெரிய சட்டியை ஜன்னல் பக்கம் மாற்றிவிடுகிறேன். அந்த ஹெல்மெட்டையும் பானையாக்கப் பார்க்கிறேன். கடைசித் திரையில் எது உன்னுடையது, எது என்னுடையது என்று தெளிவாக எழுதுகிறேன், இரண்டு பேருக்கும் ஒரே அளவு எழுத்தில். வாசிக்கிறவர்கள் உனக்குத்தான் அழுவார்கள் என்றாலும் எழுதுகிறேன். ஒன்று மட்டும் வாக்கு, ஜெசி: உன் காக்காவில் ஒரு சதுரத்தைக்கூடத் தொடமாட்டேன். அது திரும்பிப் பார்க்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டச் சொல்லி ஆன்டி கேட்கிறார். அதைக்கூடச் செய்யமாட்டேன். நீ வைத்த நேரம் நீ வைத்ததாகவே இருக்கட்டும்.

உன் அம்மாவிடம் இப்போதுதான் திட்டு வாங்கத் தொடங்கியிருக்கும் உன் தங்கை,
கோகிலா
மேரு, கிள்ளான்